லென்சம்மா கட்டிய ஒயர்

லென்சம்மாவுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. வங்கிப் புத்தகத்தைத் தவிர வேறெங்கும் அதற்கு வேலையில்லை. எலெக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவில் யாரைக் கேட்டாலும், "லென்சம்மாவா? மாடிப்படி ஏறுங்க, கருகின வாசனை வர்ற ரூம்தான்" என்று கை காட்டிவிடுவார்கள். பூதக்கண்ணாடி பொருத்திய ஒரு பட்டையைக் காலையில் நெற்றியில் மாட்டினால் வேலை முடிந்துதான் கழற்றுவாள். சில நாள் அதுவும் மறந்துபோகும். மகளின் கல்யாணப் பேச்சுக்காக இரண்டு குடும்பமும் முதன்முதலாக ஒன்றாக உட்கார்ந்த அன்று, தலையை வாரி, நல்ல உடையாகத் தேடி உடுத்திக்கொண்டு, நெற்றியில் லென்சோடு போய் நடுவில் உட்கார்ந்தாள். அரை மணி நேரம் யாரும் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் மாப்பிள்ளையின் அம்மாதான், "அது வழியா பார்த்தா என் பையன் எப்படித் தெரியறான்?" என்று கேட்டார். அந்த நிமிடமே சம்பந்தியம்மாவை லென்சம்மாவுக்குப் பிடித்துப்போயிற்று. கூடவே கொஞ்சம் பயமும் வந்துவிட்டது.

சம்பந்தியம்மா பார்வையில்லாத பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தரும் டீச்சர். அவரிடம் பொய் சொல்லித் தப்பித்த பிள்ளை இதுவரை இல்லையாம். அவர் ஆறு வருடமாக ஒரு புத்தகம் செய்துகொண்டிருந்தார். முக்கோணம், வட்டம், கோணம் எல்லாம் தாளில் மேடாக எழும்பி நிற்கும், விரலால் தொட்டுப் படிக்கும் கணக்குப் புத்தகம். மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு படங்கள். ஒவ்வொன்றையும் கம்ப்யூட்டரில் தானே வரைந்து, வகுப்பில் இருபத்தாறு பிள்ளைகளிடமும் கொடுத்துப் பார்த்து, "டீச்சர், இந்தக் கோடு அந்தக் கோட்டு மேல இடிக்குது" என்று ஒரு பிள்ளை சொன்னாலும் அழித்துவிட்டு மறுபடியும் வரைவார். அப்படிப் பதினேழு தடவை வரைந்த படம்கூட உண்டு.

இந்த மாதிரிப் புத்தகத்தை அடிக்கும் புடைப்பு அச்சு இயந்திரம் அந்த வட்டாரத்துக்கே ஒன்றுதான். அதில் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. சம்பந்தியம்மாவுக்குக் கிடைத்திருந்தது இன்று பிற்பகல் மூன்று மணி. விட்டால் அடுத்த முறை எட்டு மாதம் கழித்து. அதற்குள் பள்ளி ஆண்டு முடிந்து, அந்த இருபத்தாறு பேரும் புத்தகமில்லாமலேயே பரீட்சை எழுதியிருப்பார்கள்.

படங்கள் எல்லாம் தயார். அவற்றை ஒரே புத்தகமாகச் சேர்த்துக் கொடுக்கவேண்டியதுதான் பாக்கி. ஆனால் பழைய கம்ப்யூட்டர் பாதி வழியில் மூச்சுமுட்டி நின்றுவிடும். மூன்று நாளாக இதே கதை. புது கிராபிக்ஸ் கார்டும், அதற்குத் தீனி போடப் பெரிய பவர் சப்ளை பெட்டியும் வேண்டும் என்று லென்சம்மா சொல்லி, அவளே வாங்கி, காலை எட்டரைக்கு இரண்டையும் சுமந்துகொண்டு சம்பந்தி வீட்டுக்குப் போய் நின்றாள்.

"மொதல்ல எல்லாத்தையும் ஒரு காப்பி எடுத்து வச்சுக்கலாமா?" என்றார் சம்பந்தியம்மா.

"என்ன சம்பந்தி, என் மேல நம்பிக்கை இல்லையா? அரை மணி வேலை. டீயைப் போடுங்க, ஆறுறதுக்குள்ள முடிச்சிடறேன்."

இந்த இடத்தில் லென்சம்மாவின் பழைய கதையைக் கொஞ்சம் சொல்லியாகவேண்டும். சொல்லாவிட்டால் அவள் செய்த காரியம் வெறும் முட்டாள்தனமாகத் தெரியும். அது முட்டாள்தனம்தான், ஆனால் அவளால் மட்டுமே செய்யக்கூடிய முட்டாள்தனம்.

பத்தொன்பது வயதில் லிப்டுக்குக் கட்டுப்பாட்டுப் பெட்டி செய்யும் தொழிற்சாலையில் அவள் வேலைக்குச் சேர்ந்தாள். முதல் ஆறு வருடம் ஈயத்தை உருக்கி ஒட்டவைக்கும் சால்டரிங். பிறகு ஒயர் கட்டும் பிரிவு. நாற்பது ஐம்பது ஒயர்களை ஒன்றாகச் சேர்த்து, மெழுகு தடவிய நூலால் விரல் அகலத்துக்கு ஒரு முடிச்சாகப் போட்டுக்கொண்டே போகவேண்டும். எல்லா முடிச்சும் ஒரே பக்கம் பார்க்கவேண்டும், ஒரே இறுக்கம் இருக்கவேண்டும். அவள் கட்டிய ஒயரை மேற்பார்வையாளர் மற்றவர்களிடம் தூக்கிக் காட்டுவார். தொழிற்சாலையை மூடியபோது எல்லாரும் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியேறினார்கள். லென்சம்மா கிடங்கில் கேட்டு ஒரு பெட்டி மெழுகு நூலை வாங்கிக்கொண்டு வெளியேறினாள். பிறகு செத்துப்போன சர்க்யூட் போர்டுகளை எடைக்கு வாங்கிவந்து, பிரித்து மேய்ந்து, எது எதனால் சாகிறது என்று தானாகவே கற்றுக்கொண்டாள். இருபது வருடம் ஓடிவிட்டது. இன்றைக்கும் அவள் கையால் எந்த ஒயர் போனாலும் மெழுகு நூல் முடிச்சு இல்லாமல் போகாது. "யாரும் பார்க்கப்போறதில்ல, பெட்டியை மூடத்தான் போறீங்க, எதுக்கு இந்த வேலை?" என்று கேட்டால், "பெட்டிக்குள்ள இருக்கிறதால அசிங்கமா இருக்கலாமா?" என்பாள்.

சம்பந்தி வீட்டுக் கம்ப்யூட்டரை மூன்று வருடத்துக்கு முன்னால் கட்டிக் கொடுத்ததும் அவள்தான். ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும் ஒயரை அன்று தன் திறமையெல்லாம் காட்டிக் கட்டியிருந்தாள். சட்டத்தின் பின்பக்கமாக வளைந்து, மூலையில் திரும்பி, முப்பத்தொரு முடிச்சு. இன்று கம்ப்யூட்டரைத் திறந்ததும் அதைப் பார்த்து அவளுக்கே பெருமை தாங்கவில்லை. புது பவர் சப்ளையோடு புது ஒயர்கள் வந்திருந்தன. மற்ற எல்லாவற்றையும் பழையதைக் கழற்றிவிட்டுப் புதிதாக மாட்டினாள். அந்த ஒன்றை மட்டும் அறுக்க மனம் வரவில்லை. பழைய பவர் சப்ளை பெட்டியும் புது பெட்டியும் ஒரே கம்பெனி. ஒயரின் முனை புது பெட்டியில் அழகாக, அழுத்தாமலேயே போய் உட்கார்ந்தது. பிறகென்ன? அப்படியே விட்டாள்.

சுவிட்சைப் போட்டாள்.

டப்.

கடுகு வெடிக்கும் அளவு சின்னச் சத்தம். மின்விசிறி அரைச் சுற்றுச் சுற்றி நின்றது. லென்சம்மாவின் மூக்குதான் முதலில் வேலை செய்தது. அவளுக்கு மீட்டரைவிட மூக்கின்மேல் நம்பிக்கை அதிகம். குனிந்து, பெட்டிக்குள் தலையை விட்டு மோந்தாள். கருகிய வாசனை. மிக லேசாக, கீழ்ப்பக்கத்திலிருந்து.

"டீ ஆறலாம்னு பார்க்குது," என்றார் வாசலில் நின்ற சம்பந்தியம்மா.

லென்சம்மாவின் கை பரபரவென்று ஓடியது. கிராபிக்ஸ் கார்டைக் கழற்றிவிட்டுச் சுவிட்சைப் போட்டாள். அரைச் சுற்று, நின்றது. மெமரியைக் கழற்றினாள். அதே அரைச் சுற்று. இரண்டையும் திரும்ப மாட்டிவிட்டு, டிஸ்க்குக்குப் போகும் ஒயரைப் பிடுங்கினாள். விசிறி ஜம்மென்று சுற்றியது, விளக்குகள் எரிந்தன, திரையில் எழுத்து வந்தது. "வந்துடுச்சு!" என்று கத்தியேவிட்டாள். கத்தி முடிப்பதற்குள் அதன் அர்த்தம் அவளுக்கு உறைத்தது. டிஸ்க் இல்லாவிட்டால் எல்லாம் ஓடுகிறது. அப்படியென்றால் போனது டிஸ்க். நானூற்றுப் பன்னிரண்டு படமும் அதில்தான் இருந்தன.

புது ஒயரில் டிஸ்க்கை மாட்டிப் பார்த்தாள். அரைச் சுற்று, நின்றது. டிஸ்க்கின் போர்டில் எங்கோ ஷார்ட் ஆகியிருக்கிறது. ஷார்ட்டைக் கண்டதும் பவர் சப்ளை தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடுகிறது. சரி, ஏன் ஷார்ட் ஆனது? பழைய ஒயரை மட்டும் புது பெட்டியில் செருகி, மறுமுனையில் மீட்டரை வைத்தாள். ஐந்து வோல்ட் வரவேண்டிய இடத்தில் பன்னிரண்டு.

ஒரே கம்பெனிதான், முனையும் ஒரே அச்சுதான், ஆனால் எந்தத் துளையில் எது வரும் என்பதைப் புது பெட்டியில் மாற்றிவிட்டிருக்கிறார்கள். பெட்டியோடு வந்த ஒயரை மாட்டியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. முப்பத்தொரு முடிச்சின் அழகில் மயங்கி, சம்பந்தியின் ஆறு வருடத்தைத் தன் கையாலேயே கொளுத்திவிட்டாள்.

"என்னாச்சு?" சம்பந்தியம்மாவின் குரல் சன்னமாக இருந்தது.

அந்த நேரத்தில் லென்சம்மாவின் வாயில் வந்தது பொய். "பெட்டியில கோளாறு சம்பந்தி. புது சரக்குலயே சில நேரம் இப்படி வரும்." சொல்லிக்கொண்டே ஒயரைச் சுருட்டிப் பைக்குள் திணித்தாள். காது இரண்டும் சுட்டது.

சம்பந்தியம்மா ஒரு நிமிடம் அவளையே பார்த்தார். "மூணு மணிக்குள்ள?"

"போர்டுல என்ன போயிருக்குன்னு தெரிஞ்சா முடியும். என் ரூமுக்குப் போகணும். டிஸ்க்கைக் குடுங்க."

"டிஸ்க்கை நான் எடுத்துட்டு வர்றேன். நீங்க வழியைக் காட்டுங்க."

அவசரத்தில் கருவிப் பைச் சாமானில் பாதி அங்கேயே கிடந்தது. பேருந்தில் சம்பந்தியம்மா டிஸ்க்கை ஒரு துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். பக்கத்தில் லென்சம்மா. இருவருக்கும் நடுவில் அவளுடைய பை. ஒரு வார்த்தை பேச்சில்லை. அந்த நேரம் பார்த்து மகள் போன் செய்தாள்.

"அம்மா, அத்தை போனை எடுக்கவே மாட்டேங்கறாங்க. என்ன பண்ணித் தொலைச்சே?"

"ஒண்ணும் பண்ணலடி. பேருந்துல இருக்கோம்."

"ரெண்டு பேருமா? ஒண்ணாவா? ஐயோ, அப்ப ஏதோ பண்ணிட்ட!"

லென்சம்மா போனை வைத்துவிட்டாள். பெற்ற மகளுக்கு இருக்கும் நம்பிக்கையைப் பாருங்கள்.

கடைத்தெருவில் அவள் அறை மாடியில். கீழே கம்ப்யூட்டர் உதிரிப்பாகம் விற்பவரின் கடை. அந்தப் பவர் சப்ளையை விற்றவர் அவர்தான். லென்சம்மா தலையைக் குனிந்துகொண்டு படியேறப் பார்த்தாள். சம்பந்தியம்மா விடவில்லை.

"நீங்கதான் அந்தப் பெட்டியை வித்தவரா?"

"ஆமாங்கம்மா. ஏன், ஏதாவது...?"

"கோளாறான பெட்டின்னு சொல்றாங்களே."

கடைக்காரரின் முகம் சுண்டிப்போயிற்று. வாயில்லாப் பூச்சி மனிதர். "என் கடையில அப்படி ஒரு சரக்கு போனதே இல்லையே," என்று லென்சம்மாவைப் பார்த்தார். லென்சம்மா லென்சைக் கண்ணுக்கு இறக்கிக்கொண்டு, "நேரமாச்சு, நேரமாச்சு" என்று சம்பந்தியைக் கைபிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள்.

மணி பத்தே முக்கால். ஒரு மேசை, ஒரு ஜன்னல், கூரை வரை அடுக்கிய செத்த போர்டுகள். லென்சம்மா நட்சத்திரத் தலை திருகாணிகளைக் கழற்றி, டிஸ்க்கின் வயிற்றோடு ஒட்டியிருந்த பச்சைப் போர்டைப் பிரித்தெடுத்தாள். உள்ளங்கையில் அடங்கும் போர்டு. அதைத் திருப்பி மோந்தாள். இதேதான், இந்த வாசனைதான். மீட்டரை வைத்தாள். கீச்சென்று கத்தியது. ஷார்ட் உறுதி.

"எங்கேன்னு தெரிஞ்சுதா?" என்றார் சம்பந்தியம்மா.

"அதான் சிக்கல். இந்த ஐஞ்சு வோல்ட் பாதையில இருபது முப்பது ஐட்டம் தொங்குது. ஒண்ணு ஷார்ட் ஆனா எல்லா இடத்துலயும் மீட்டர் கத்தும். வாசல் பக்கத்துல காவலுக்குன்னே ஒரு டயோடு வச்சிருப்பாங்க. தப்பான கரண்டு வந்தா அது தன்னை எரிச்சுக்கிட்டு மத்ததைக் காப்பாத்தும். அது போயிருந்தா எடுத்து எறிஞ்சா போதும். ஆனா..." அவள் நடுவிலிருந்த பெரிய கறுப்புச் சில்லைக் காட்டினாள். "இது மோட்டாரை ஓட்டற சில்லு. இது போயிருந்தா இன்னைக்கு ஒண்ணும் நடக்காது."

லென்சில் எல்லாமே ஒழுங்காகத் தெரிந்தன. டயோடில் ஒரு விரிசல் இல்லை, ஒரு கறை இல்லை. ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்க்கலாம்தான். ஆனால் ஒவ்வொரு தடவை சூடு காட்டும்போதும் போர்டு நொந்துபோகும். கடைத்தெருவுக்குத் தெரிந்த வழி ஒன்று உண்டு. போர்டுக்கு மிகக் குறைந்த வோல்ட்டைக் கொடுத்தால் ஷார்ட் ஆன பாகம் மட்டும் லேசாகச் சூடாகும். மேலே ஸ்பிரிட்டைப் பூசிவிட்டால் எது முதலில் காய்கிறதோ அதுதான் ஆள். ஸ்பிரிட் பாட்டிலைத் தேடினாள். மேசையில் இல்லை, அலமாரியில் இல்லை. அது சம்பந்தி வீட்டில், விட்டுவந்த பாதிச் சாமானோடு கிடந்தது.

"விரலால தொட்டுப் பார்க்க முடியாதா?"

"பார்க்கலாம். ஆனா கொதிக்கிற அளவுக்கு கரண்டு குடுத்தா மத்ததும் போயிடும். கொஞ்சமா குடுத்தா..." லென்சம்மா தன் விரல் நுனிகளை நீட்டிக் காட்டினாள். முப்பது வருடச் சால்டரிங்கில் சுட்டுச் சுட்டுக் காய்த்துப்போயிருந்தன. "இதுக்கு ஒண்ணும் தெரியாது சம்பந்தி. கொதிக்கிற டீ கிளாஸைக்கூட அப்படியே பிடிப்பேன்."

சம்பந்தியம்மா மோதிரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தார். கையைக் கழுவித் துடைத்துவிட்டு வந்து உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டார். "கரண்டைக் குடுங்க."

இருபத்தைந்து வருடமாகப் புள்ளிகளைத் தொட்டுப் படித்துத் திருத்திய விரல். லென்சம்மா ஒரு வோல்ட்டுக்கும் குறைவாக வைத்து, இரண்டு ஊசி முனைகளைப் பிடித்துக்கொண்டாள். சம்பந்தியம்மாவின் ஆள்காட்டி விரல் போர்டின் ஓரத்திலிருந்து மெதுவாக ஊர்ந்தது. பெரிய சில்லின்மேல் போய் நின்றது.

"இது சுடல, குளுகுளுன்னுதான் இருக்கு," என்றார்.

விரல் நகர்ந்தது. சின்னச் சின்னப் பாகங்களின் வரிசை மேல் போயிற்று, திரும்பி வந்தது, ஒயர் செருகும் முனைக்கு அருகே தயங்கியது. அரிசி அளவு கறுப்புப் பாகம் ஒன்றின்மேல் நின்றது.

"இது. இங்கதான் சுடுது."

"நிச்சயமாவா?"

"பக்கத்துல இருக்கிறது எதுவும் சுடல. இது மட்டும்தான். இன்னொரு தடவை கேட்டீங்கன்னா உங்களை பெஞ்சு மேல நிக்க வைப்பேன்."

காவல் டயோடு! வாசலில் நின்ற காவல்காரன்தான் செத்திருக்கிறான், உள்ளே இருப்பவர்கள் பிழைத்திருக்கிறார்கள்! லென்சம்மா எழுந்து நின்று சம்பந்தியின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். பிறகு தான் என்ன செய்கிறோம் என்று உணர்ந்து வெட்கத்தோடு உட்கார்ந்தாள். சூடான காற்று ஊதும் குழலை எடுத்தாள். எட்டு எண்ணுவதற்குள் ஈயம் இளகியது. இடுக்கியால் டயோடைத் தூக்கினாள். போர்டு ஆறியதும் மீட்டரை வைத்தாள். மீட்டர் கத்தவில்லை. அந்த அமைதி அவளுக்கு நாதஸ்வரக் கச்சேரியைவிட இனிமையாக இருந்தது.

போர்டைத் திரும்ப டிஸ்க்கில் பூட்டினாள். தன்னுடைய சோதனை கம்ப்யூட்டரில் வோல்ட்டை ஒரு முறை அளந்தாள், மறுபடி அளந்தாள், சம்பந்தியையும் மீட்டரைப் படிக்கச் சொன்னாள். "அஞ்சு," என்றார் அவர். காவல்காரன் இல்லாத வீடு இது, இனி ஒரு தவறுக்கும் இடமில்லை. மாட்டினாள். சுவிட்சைப் போட்டாள்.

டிஸ்க் சுற்றவில்லை.

லென்சம்மாவுக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. முப்பது வருடத்தில் நடுங்காத கை. 'எல்லாம் உன்னால்தான்' என்று மனசு இடித்துக்கொண்டே இருந்தால் கை என்ன செய்யும்? சம்பந்தியம்மா அதைக் கவனித்தார். எழுந்துபோய் மேசை விளக்கைக் கொஞ்சம் தாழ்த்தி வைத்து, போர்டின் இரண்டு ஓரத்தையும் தன் விரல்களால் அசையாமல் பிடித்துக்கொண்டார். "எடுத்த காரியம் பாதிதானே முடிஞ்சிருக்கு. மிச்சப் பாதியைத் தேடுங்க. வகுப்புல நான் இப்படித்தான் சொல்வேன்."

லென்சம்மா மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டு தேடினாள். கரண்டு எங்கே வருகிறது, எங்கே நிற்கிறது? முனையில் ஐந்து இருக்கிறது. டயோடு இருந்த இடம் வரை ஐந்து. அதைத் தாண்டி அரை விரல் தூரத்தில் பூஜ்ஜியம். நடுவில் எள்ளளவு ஒரு பாலம், ஒரு பக்கக் கரண்டை மறுபக்கம் கடத்துவது மட்டும்தான் அதன் வேலை. பார்க்க முழுசாகத்தான் இருந்தது. உள்ளே அறுந்திருந்தது. காவல்காரனோடு சேர்ந்து இதுவும் போயிருக்கிறது.

"இவ்வளவுதானா நீ!" என்று போர்டைப் பார்த்துக் கத்தினாள். "இவ்வளவு சின்ன ஆளா இருந்துக்கிட்டு என்னை இந்தப் பாடு படுத்தறியா!" அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் தலைமுடி போல மெல்லிசான கம்பி ஒன்றை வைத்து, இரண்டு முனையையும் ஈயத்தால் தொட்டாள். சம்பந்தியின் பிடியில் போர்டு அசையவே இல்லை. அவள் கையும் நடுங்கவில்லை.

சுவிட்ச்.

டிஸ்க் 'ங்ங்ங்' என்று முனகியது. முனகல் ஏறி ஏறிச் சீரான ரீங்காரமாயிற்று. திரையில் ஒரு கோப்புறை வந்தது. அதைத் திறந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று பட்டியல் வழிந்து வழிந்து கீழே போய்க்கொண்டே இருந்தது. நானூற்றுப் பன்னிரண்டில் நின்றது.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். யார் முதலில் கட்டிப்பிடித்தது என்று இன்றுவரை முடிவாகவில்லை. லென்ஸ் இடித்துச் சம்பந்தியின் மூக்கு சிவந்துபோனது மட்டும் நிஜம்.

இந்தத் தடவை லென்சம்மா முதலில் காப்பி எடுத்தாள். ஒன்றல்ல, இரண்டு. பன்னிரண்டு மணி. ஆனால் புத்தகமாகச் சேர்க்கும் வேலை அப்படியே கிடந்தது. அவளுடைய சோதனை கம்ப்யூட்டர் வயசானது, அதைப் போட்டால் நாளைக்குத்தான் முடியும். பலமான கம்ப்யூட்டர் பக்கத்தில் ஒன்றே ஒன்றுதான். கீழ்க் கடையில், கண்ணாடிக்குப் பின்னால், விற்பனைக்காக மினுக்கிக்கொண்டு நிற்பது.

கடைக்காரர் விஷயத்தைக் கேட்ட அடுத்த நிமிடம், இரண்டு வாடிக்கையாளர்களைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு அதைத் திறந்துகொடுத்தார். தானே நாற்காலியைத் துடைத்துப் போட்டார். வேலை ஓட ஆரம்பித்தது. பத்து சதவீதம். பதினைந்து. அவர் சம்பந்தியம்மாவின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"டீச்சரம்மா, பெட்டி விஷயத்துல மன்னிச்சிடுங்க. பிள்ளைங்க புத்தகம்னு எனக்குத் தெரியாது. வேற பெட்டி மாத்தித் தந்துடறேன். நம்ம கடையால இப்படி ஆகிப்போச்சேன்னு காலையில இருந்து மனசே சரியில்ல."

லென்சம்மாவால் அதற்குமேல் தாங்க முடியவில்லை.

"பெட்டியில ஒரு கோளாறும் இல்ல!" என்றாள். கடையே திரும்பிப் பார்த்தது. "நீங்க ஏன் மன்னிப்புக் கேக்கறீங்க? தப்பு என்னுது. புது பெட்டியில பழைய ஒயரை மாட்டிட்டேன். அந்த ஒயரை நான் அழகா கட்டியிருந்தேன், அதை அவிழ்க்க மனசு வரல. அதான் டிஸ்க்கை எரிச்சுது. காப்பி எடுக்கலாமான்னு நீங்க கேட்டீங்க சம்பந்தி, நான்தான் வேண்டாம்னேன். அப்புறம் பொய்யும் சொன்னேன். என்ன சொல்லணுமோ சொல்லுங்க, கேட்டுக்கறேன்."

சம்பந்தியம்மா திரையைப் பார்த்தபடியே, "நாப்பது சதவீதம்," என்றார். பிறகு தன் கைப்பையைத் திறந்து சுருட்டிய கறுப்பு ஒயர் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். முப்பத்தொரு முடிச்சு.

"பேருந்துல உங்க பையில இருந்து வெளியே நீட்டிட்டு இருந்துச்சு. தொட்டுப் பார்த்துட்டு எடுத்து வச்சுக்கிட்டேன். விரல் அகலத்துக்கு ஒரு முடிச்சு, எல்லாம் ஒரே பக்கம். இன்னைக்குக் காலையில பிரிச்ச புது பெட்டியில உங்க முடிச்சு எப்படி வரும்? டப்புன்னு சத்தம் வந்ததும் நீங்க எல்லாத்தையும் விட்டுட்டு இதை மட்டும் ஒளிச்சீங்க. எனக்குக் கரண்டு தெரியாது. ஒளிக்கிற பிள்ளையைத் தெரியும்."

"அப்ப காலையிலேயே... இவர்கிட்ட வந்து கேட்டது?"

"உங்க முகத்தைப் பார்க்கத்தான்." கடைக்காரரைப் பார்த்து, "நீங்க என்னை மன்னிக்கணும்," என்றார். அவர் ஒன்றும் புரியாமல் இரண்டு பேருக்கும் சேர்த்துத் தலையாட்டினார்.

"திட்டியிருக்கலாமே சம்பந்தி. அங்கேயே."

"திட்டியிருந்தா உங்க கை அங்கேயே நடுங்கியிருக்கும். எனக்கு மூணு மணிக்குள்ள அந்தக் கை வேணும்." அவர் கண் கலங்கியிருந்தது. "ஆறு வருஷம் லென்சம்மா. நான் பேருந்துல வாயைத் திறந்திருந்தா அழுதிருப்பேன், அதான் பேசல."

சம்பந்தி என்று கூப்பிடாமல் முதல் தடவையாக அவர் லென்சம்மா என்று கூப்பிட்டது அப்போதுதான். லென்சம்மாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

இரண்டு நாற்பதுக்கு அச்சகத்தில் இருந்தார்கள். மூன்று மணிக்கு இயந்திரம் தடதடவென்று ஓட ஆரம்பித்தது. அறையின் தரையே அதிர்ந்தது. முதல் தாள் வெளியே வந்ததும் சம்பந்தியம்மா அதை வாங்கி, கண்ணை மூடி, ஒரு முக்கோணத்தின் மூன்று பக்கத்தையும் விரலால் நடந்து முடித்தார். முகம் மலர்ந்தது. தாளை லென்சம்மாவிடம் நீட்டினார். அவளும் கண்ணை மூடிக்கொண்டு தடவினாள். காய்த்துப்போன விரலுக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. மணிக்கட்டைத் திருப்பி, அதன் உள்பக்கத் தோலால் தடவினாள். மூன்று மூலையும் குறுகுறுவென்று தெரிந்தன. "தெரியுது! தெரியுது!" என்று அங்கேயே குதித்தாள்.

வெளியே வரும்போது அவள் கெஞ்சுகிற குரலில் கேட்டாள். "நாளைக்கு வந்து மிச்சத்தையும் மாட்டிக் குடுத்துடறேன் சம்பந்தி. அந்த டிஸ்க்குக்கும் புது டயோடு வச்சுத் தர்றேன். ஒயர் எல்லாம் பெட்டியோட வந்ததுதான், சத்தியமா. நூலே கொண்டுவர மாட்டேன்."

"நூல் இல்லாம வந்தா வீட்டுக்குள்ள விடமாட்டேன்," என்றார் சம்பந்தியம்மா. "மொதல்ல மாட்டுங்க. ஓடுதான்னு பாருங்க. அப்புறம் கட்டுங்க."